வீட்டில் படிக்கும் சாதி

(துறையூரில் இளைஞர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



பள்ளிக்கூடமே வேண்டாம், வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கலாம் என்று இன்று பலர் பேசுகிறார்கள். மனப்பாடமும் மதிப்பெண் வெறியும் பிடிக்காமல் சொல்கிறார்கள், நியாயம்தான். ஆனால் 'வீட்டில் கற்றுக்கொள்' என்பது நமக்குப் பழைய உத்தரவு. 1953இல் ராஜாஜி அரசு கிராமத் தொடக்கப்பள்ளி நேரத்தை 3 மணி நேரமாகக் குறைத்து, மீதி நேரம் பிள்ளைகள் அப்பன் தொழிலைப் பழகட்டும் என்றது. குலக்கல்வி என்று சொல்லி எதிர்த்தார் பெரியார். 1954இல் ராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராசர் திட்டத்தைக் கைவிட்டார்.

இதெல்லாம் தெரிந்தும் நாங்கள் மகளை ஓராண்டு வீட்டில் வைத்துப் படிக்கவைத்தோம். அவள் டப்பாவிலிருந்து எதையும் வாங்கித் தின்னக்கூடாது என்று பக்கத்துப் பிள்ளைக்கு வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். டீச்சர் இடம் மாற்றி உட்காரவைத்தது எங்கள் மகளை. தினமும் காலையில் அவளுக்கு வயிற்றுவலி வந்தது.

வீட்டில் நன்றாகவே படித்தாள். பச்சைமலையில் மரங்களின் பெயரெழுதினாள், சந்தையில் கணக்குப் போட்டாள். வயிற்றுவலி நின்றது. என் இணையரின் சம்பளமும் எனது ஆய்வு உதவித்தொகையும் இருந்ததால் முடிந்தது. நூறுநாள் வேலைக்குப் போகும் அக்காவுக்கு இது முடியுமா?

வீடும் நமக்கு அரணில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவரைச் சக மாணவர்கள் வெட்டியது அவர் வீட்டுக்குள் புகுந்துதான். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள்.

யோசித்துப் பாருங்கள். அந்தப் பக்கத்துப் பிள்ளை சாதியை எங்கே படித்தது? வீட்டில். சாதிதான் இந்நாட்டின் மிகப் பழைய வீட்டுக்கல்வி. அந்தப் பாடத்தை மறுத்துச் சொல்ல அப்பிள்ளைக்கு இருக்கும் இன்னொரு இடம் பள்ளிக்கூடம். நாம் விலகிவிட்டால் அதுவும் அவர்கள் வீட்டுத் திண்ணையாகிவிடும்.

அதற்காக ஒரு குழந்தையின் தலையில் போராட்டத்தை ஏற்ற முடியாது. அது பெரியவர்கள் வேலை. 2009 கல்வி உரிமைச் சட்டம் மாணவரை மனரீதியாகத் துன்புறுத்துவதைத் தடைசெய்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்கிறது. விளிம்புநிலைப் பெற்றோருக்கும் உரிய பங்கு கொடுக்கிறது.

இந்த ஆண்டு மகளை அரசுப் பள்ளியில் சேர்த்தோம். ஒவ்வொரு குழுக் கூட்டத்திலும் நான் கேட்பது ஒன்றுதான்: யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள், யார் முடிவு செய்கிறார்கள்? பதில் எழுதப்படும்வரை எழுந்திருப்பதில்லை.

பிள்ளை இல்லாத தோழர்களே, தமிழ்நாட்டில் முன்னாள் மாணவர்களுக்கும் அக்குழுவில் இடமுண்டு. நீங்கள் படித்த பள்ளியில் அடுத்த கூட்டம் எப்போது என்று விசாரியுங்கள்.