தகரப் பெட்டியும் கல்லூரிப் பெட்டகமும்

(மும்பையில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இன்று காகிதத்தைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று சொன்னதுமே முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா, "ரேஷன் கார்டில் பேர் சேர்க்கிறதப் பத்தியா?" என்று கேட்டார்கள். அதுவும் வருகிறது அம்மா. அதற்கு முன்னால் நாம் கடல் தாண்டிக் கேம்பிரிட்ஜ் வரை ஒரு முறை போய்வர வேண்டும்.

இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களில் பல நூறு ஆண்டுகளைக் கண்ட கல்லூரிகள் இருக்கின்றன. அவற்றை நம் தஞ்சாவூர்ப் பக்கத்து மடங்களோடு ஒப்பிட்டால் எளிதில் விளங்கும். ஒவ்வொரு கல்லூரிக்கும் சொந்தமாக நிலம் உண்டு, குத்தகை வருமானம் உண்டு, காரியஸ்தர் உண்டு. பழைய தாள்களைக் காக்கத் தனி அறையும் உண்டு. ஆக்ஸ்போர்டு மெர்ட்டன் கல்லூரியில் 13ஆம் நூற்றாண்டின் கணக்குச் சுருள்கள் இன்றும் பத்திரமாக இருக்கின்றன.

ஏன் காத்தார்கள்? அறிவின் மேல் கொண்ட ஆசையால் மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். நாளைக்கு ஒருவன் வந்து, "இந்த நிலம் என்னுடையது" என்று வழக்குப் போட்டால் எடுத்துக் காட்டப் பத்திரம் வேண்டும். உடைமை உள்ளவன் காகிதத்தைக் காத்தான். காகிதம் அவன் உடைமையைக் காத்தது. நிலப் பத்திரத்துக்காகக் கட்டிய அந்த ஏற்பாட்டுக்குள்ளேதான் பிற்காலத்தில் அறிஞர்களின் கடிதங்களும் ஏடுகளும் வந்து சேர்ந்தன.

கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரி 1546இல் தொடங்கப்பட்டது. அதன் ரென் நூலகம் 1695இல் கட்டி முடிக்கப்பட்டது. நியூட்டனின் கைப்பட எழுதிய ஏடுகள் அங்கே உண்டு. அதே நூலகத்தில் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த ஒருவருடைய தாள்களும் இருக்கின்றன. யார் என்று இந்நேரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். சீனிவாச இராமானுஜன்.

1913 ஜனவரி 16ஆம் நாள் சென்னையிலிருந்து அவர் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். எப்படித் தொடங்கினார் தெரியுமா? சென்னைத் துறைமுக அலுவலகத்தில் கணக்குப் பிரிவு குமாஸ்தா என்றும், ஆண்டுக்கு 20 பவுன்தான் சம்பளம் என்றும் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். அதற்குப் பிறகுதான் கணிதம் வருகிறது. அடுத்த மாதம் எழுதிய கடிதத்தில் தாம் அரைப்பட்டினி கிடப்பதையும், மூளை வேலை செய்ய முதலில் சோறு வேண்டும் என்பதையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். அன்பாக ஒரு வரி நீங்கள் எழுதினால் இங்கே எனக்கு உதவித்தொகை கிடைக்கும் என்றும் கேட்டிருக்கிறார்.

தோழர்களே, இந்தக் கடிதம் நமக்குப் புதியதா? ஊர் விட்டு ஊர் வந்து, முன்பின் தெரியாத ஒரு பெரிய மனிதருக்கு வேலை கேட்டு எழுதிய கடிதங்கள் நம் வீடுகளில் எத்தனை! ஆனால் ஒரு வேறுபாட்டை மறந்துவிடக் கூடாது. அவர் வீட்டில் சோற்றுக்குத்தான் தட்டுப்பாடு. பள்ளிக்கூட வாசல் அவருக்குத் திறந்திருந்தது. நம்மில் பலருடைய பாட்டன்மாருக்கு அந்த வாசலும் அடைத்தே கிடந்தது. எழுதத் தெரியாதவன் விட்டுச்சென்ற கடிதம் எங்கே இருக்கும்?

ஹார்டி பதில் எழுதினார். சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. 1914இல் இராமானுஜன் கப்பலேறினார். 1918இல் ராயல் சொசைட்டியிலும் டிரினிட்டி கல்லூரியிலும் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நோயாளியாகி, 1919 மார்ச் மாதம் இதே பம்பாய்த் துறைமுகத்தில் வந்து இறங்கினார். 1920 ஏப்ரல் 26இல் சென்னையில் காலமானார். அப்போது அவருக்கு வயது 32.

அந்தக் கடைசி ஓராண்டிலும் அவர் படுக்கையில் இருந்தபடியே கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அந்தத் தாள்கள் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் போய், 1923இல் ஹார்டிக்கு அனுப்பப்பட்டன. பின்னர் வாட்சன் என்ற பேராசிரியர் கைக்கு மாறின. வாட்சன் 1965இல் இறந்தார். அவரைப் பற்றி இரங்கற் கட்டுரை எழுத வேண்டிய ஒருவர் அவர் வீட்டுக்குப் போனபோது, அறையின் தரை முழுவதும் காகிதம் குவிந்து கிடந்தது. சில நாளில் எல்லாவற்றையும் எரித்துவிடுவதாக இருந்தார்கள். அந்தக் குவியலுக்குள் கைவிட்டபோது அகப்பட்டவைதான் இராமானுஜனின் தாள்கள்! அவை 1968 டிசம்பரில் டிரினிட்டி நூலகத்துக்கு அனுப்பப்பட்டன.

அதோடு முடியவில்லை. பெட்டிக்குள் போன தாள்களை ஏழு ஆண்டுகளுக்கு மேல் எவரும் சரிவரக் கவனிக்கவில்லை. 1976இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் அந்தப் பெட்டியைப் புரட்டியபோதுதான், 100க்கும் மேற்பட்ட பக்கங்களில் 600க்கும் மேற்பட்ட சூத்திரங்கள் இருப்பது உலகத்துக்குத் தெரிந்தது. அதைத்தான் "தொலைந்த நோட்டுப் புத்தகம்" என்கிறார்கள். பத்திரமாக வைத்தால் மட்டும் போதாது, உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதிவைத்த பட்டியலும் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அவருடைய முந்திய நோட்டுப் புத்தகங்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. 1957இல் அவற்றை அப்படியே படமெடுத்து இரண்டு தொகுதிகளாக வெளியிட்டது நம் பம்பாயில் உள்ள டாட்டா ஆராய்ச்சி நிறுவனம்.

இந்தக் கதையில் நாம் மறக்கக்கூடாத இன்னொருவர் ஜானகி அம்மாள். நோயுற்ற கணவரை அந்த ஓராண்டும் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டவர் அவர். கணவர் இறந்தபின் அவரும் இந்தப் பம்பாய்க்கு வந்து சில ஆண்டுகள் இருந்தார். 1931இல் சென்னை திரும்பி, திருவல்லிக்கேணியில் பல்கலைக்கழகம் தந்த சிறு பென்ஷனிலும் தையல் வேலையிலும் காலம் தள்ளினார். கணவருக்குச் சிலை வைப்பதாகச் சொன்னார்களே, அது என்னாயிற்று என்று முதிய வயதில் அவர் கேட்டது பத்திரிகையில் வந்தது. அதைப் பார்த்துப் பல நாட்டுக் கணித அறிஞர்கள் பணம் திரட்டி மார்பளவுச் சிலை செய்து அவருக்கு அனுப்பினார்கள். தாள்களுக்கு நூலகம் கிடைத்தது. அவருக்குக் கிடைத்தது தையல் இயந்திரம்.

இனி நம் வீட்டுக்கு வருவோம்.

தொலைந்த நோட்டுப் புத்தகம் கிடைத்த அதே 1976இல்தான் இங்கே மகாராஷ்டிர அரசு குடிசைகளைக் கணக்கெடுத்துப் போட்டோ பாஸ் கொடுத்தது. பின்னால் சட்டம் வந்தது: 1995 ஜனவரி 1க்கு முன்பிருந்தே குடியிருந்ததற்குச் சான்று காட்டு என்றார்கள். அந்தத் தேதி பிறகு 2000 ஜனவரி 1 ஆயிற்று. இலவச வீட்டுக்கு இன்றும் அந்தத் தேதிதான் எல்லைக்கோடு. சாக்கடைக்குள் மண்ணைக் கொட்டி மேடாக்கிக் குடியேறியவன் உழைப்பு அங்கே பேசாது. அவன் கையிலுள்ள காகிதம்தான் பேசும்.

நம் சங்கத்துக்கு ஓர் அம்மா வந்தார்கள். 2005 ஜூலை 26ஆம் நாள் நினைவிருக்கும். சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. அன்று அவர்கள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். ரேஷன் கார்டும் போட்டோ பாஸும் கூழாய்ப் போயின. நகல் கேட்டு ஓர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தோம். பழைய பதிவேடு இல்லை என்று கையை விரித்தார்கள். கணக்கெடுப்பில் "தகுதி இல்லை" என்று எழுதிவிட்டார்கள்.

கடைசியில் பரண்மேல் ஒரு பிஸ்கட் டப்பா அகப்பட்டது. உள்ளே திருநெல்வேலியிலிருந்து தம்பி எழுதிய இன்லண்டு கடிதங்கள். மேலே பழைய குடிசை எண். தபால் முத்திரையில் 1996. கடிதம் சான்றாகாது என்றார் அதிகாரி. ஆனால் அந்த எண்ணை வைத்துக்கொண்டு நாங்கள் பழைய வாக்காளர் பட்டியலை வரி வரியாகத் தேடினோம். மூன்றாம் நாள் அந்த அம்மாவின் பெயர், எழுத்துப் பிழையோடு, கிடைத்தது. இன்னும் வீடு கிடைக்கவில்லை. ஆனால் தள்ளப்பட்ட மனு மறுபடி விசாரணைக்கு வந்திருக்கிறது. "அந்தக் கடுதாசியத் தீபாவளிக்குத் தீபாவளி தூக்கிப் போடத்தான் பாத்தேன், தம்பி எழுத்தாச்சேன்னு மனசு வரல" என்றார்கள். அந்தப் பாசம்தான் இன்று வழக்கை நிறுத்தி வைத்திருக்கிறது.

இதிலிருந்து இரண்டு காரியங்கள் பிறக்கின்றன.

முதலாவது, அரசிடம் கேட்க வேண்டியது. ஏழையின் வாழ்வைக் காகிதத்தால் அளப்பவர்கள், அந்தக் காகிதத்தின் மறுபாதியைத் தாங்களும் காக்க வேண்டும். பழைய கணக்கெடுப்பு ஏடுகளையும் ரேஷன் பதிவேடுகளையும் வாக்காளர் பட்டியல்களையும் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். சான்றிட்ட நகல் தர வேண்டும். அவர்கள் தொலைத்ததற்கு நாம் தண்டனை அடைய முடியாது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இலிருந்து இருக்கிறது. அதன்கீழ் மனுப்போட வருகிற எவருக்கும் சங்கம் எழுதித் தரும்.

இரண்டாவது, நாமே செய்ய வேண்டியது. கல்லூரிகள் நிலத்துக்காகச் செய்ததை நாம் பத்தடிக்குப் பத்தடி வீட்டுக்காகச் செய்வோம். கார்டு, மின்சார பில், பள்ளிக்கூடச் சான்று, மணியார்டர் ரசீது, ஊர்க் கடிதம், எதையும் எறியாதீர்கள். மூலம் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும், யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். நகலை மட்டும் சங்கத்துக்குக் கொடுங்கள். சங்கத்தின் இரும்பு அலமாரியில், தண்ணீர் எட்டாத மேல்தட்டில் வைப்போம். யாருடையது, எந்த ஆண்டு, எந்தத் தாள் என்று பேரேட்டில் பதிவோம். வீட்டுத் தாள்களில் பெண்கள் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சேர்க்க இப்போதே மனுப்போடுவோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு இந்த வேலையைத் தொடங்குகிறோம். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் நான்கைந்து பேர் உதவிக்கு வேண்டும். பெரியவர்கள் பெட்டியோடு வாருங்கள். கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் வாசித்துக் காட்டுவார்கள்.