சிறு நீராவி எஞ்சினும் அதன் கொதிகலனும்

இங்கிலாந்தில் 1898ஆம் ஆண்டு தொடங்கிய 'மொடல் எஞ்சினியர்' சஞ்சிகையைப் படித்து, வீட்டுப் பட்டறையிலேயே நிலக்கரியில் ஓடும் சிறு புகைவண்டி எஞ்சின் செய்தோர் பலர். எல்.பி.எஸ்.சி. என்ற புனைபெயரில் எழுதியவரே அவர்களுட் பலருக்கு ஆசான். பழைய எஞ்சின் ஒன்று கைக்கு வந்ததும் வர்ணம் பூச விரைவோர் உளர். முதலில் வேண்டுவது அதுவன்று, கொதிகலனைச் சோதித்தலே.

கொதிகலனுக்கு உகந்தது செப்புத் தகடு. பித்தளையிலுள்ள நாகத்தை வெந்நீர் நாளடைவில் அரித்துவிடும். மூட்டுக்களை வெள்ளிப் பற்றாசினால் இணைத்தல் வேண்டும். ஈயப் பற்றாசு 183 பாகை செல்சியசிலேயே உருகத் தொடங்கும். சதுர அங்குலத்துக்கு 80 இறாத்தல் அழுத்தமுள்ள நீராவியோ 160 பாகையைத் தாண்டியது. நீர்மட்டம் தாழ்ந்து தகடு வெறுமையாகக் காய்ந்தால் மூட்டு என்னாகும்?

சோதனைக்குக் காற்றை முற்றாக வெளியேற்றி, குளிர்ந்த நீரை நிரப்பி, கைப்பம்பியால் அழுத்தம் ஏற்றுக. புதிய கொதிகலனுக்கு வேலையழுத்தத்தின் இருமடங்கு. பழையதற்கு ஒன்றரை மடங்கு. நீர் எளிதிற் சுருங்காதாகையால், மூட்டு விட்டாலும் ஒழுகுமேயன்றிச் சிதறாது. காற்றடித்துச் சோதிப்போர் கண்ணையும் கையையும் பணயம் வைக்கின்றனர். நீராவி வீணாகின்றதேயென்று காப்பு வால்வை இறுக்குவோரும் அவ்வினத்தவரே.

ஓட்டம் முடிந்தபின் உருளைகளில் தங்கிய நீரை வடித்து, எண்ணெய் இட்டு வைக்க.