தடயமும் வாக்குமூலமும்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பேச்சின் எழுத்துருவம்)



கொலை முதலிய கொடுங்குற்றங்களைப் பொலிஸ் புலனாய்வாளர் எவ்வாறு துலக்குகின்றனர் என்பதுபற்றிச் சில கூற முன்வந்துள்ளோம். துப்பறியும் கதைகளை விரும்பிப் படியாதவர் நம்முள் அரியர். அக்கதைகளிலே துப்பறிபவர் ஒருவர் வருவார், சுருட்டுச் சாம்பலைப் பார்ப்பார், கண்ணை மூடிச் சிந்திப்பார், குற்றவாளி இன்னார் என்று சுட்டிக் காட்டுவார், கதையும் முடியும். உண்மைப் புலனாய்வு அத்தகையதன்று. பலர் கூடிப் பல மாதம், சிலவேளை பல ஆண்டு, சலியாது செய்யும் வேலை அது. ஊகித்தல் அதிலே சிறு பகுதி. தமது ஊகத்தைத் தாமே ஐயுற்றுச் சோதித்தலே பெரும் பகுதி. இதனை மெய்யாக நிகழ்ந்த ஒரு வழக்கினைக் கொண்டு விளக்க முயல்வோம்.

இங்கிலாந்திலே லெஸ்டர் நகருக்கு அணித்தாக நாபரோ என்னும் கிராமம் உள்ளது. 1983ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஒருநாள் மாலை அங்கே வெளியே சென்ற பதினைந்து வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி வீடு திரும்பவில்லை. மறுநாட் காலை ஒரு நடைபாதையோரத்தில் அவள் உடல் காணப்பட்டது. கற்பழிக்கப்பட்டுக் கழுத்து நெரிக்கப்பட்டிருந்தாள். பொலிசார் எவ்வளவோ முயன்றும் குற்றவாளி அகப்படவில்லை. 1986ஆம் ஆண்டு யூலை மாத இறுதியிலே, அயற்கிராமமாகிய எண்டர்பியில், அதே வயதுடைய வேறொரு பெண்பிள்ளை அதே வகையிற் கொல்லப்பட்டாள். இரு குடும்பங்கள் கதறின. பல கிராமங்கள் நடுங்கின. குற்றவாளியை உடனே பிடியுங்கள் என்ற கூக்குரல் எங்கும் எழுந்தது.

இத்தகைய வேளையிற் புலனாய்வாளர் செய்வது யாது? முதற் கடமை எதையும் தொடாதிருத்தல். குற்றம் நிகழ்ந்த இடத்தைச் சுற்றிக் கயிறு கட்டுகிறார்கள். உள்ளே செல்லவும் வெளியே வரவும் ஒரே வழியை வகுக்கிறார்கள். யார் எத்தனை மணிக்கு உள்ளே சென்றார் என்பதை வாயிலில் நிற்பவர் எழுதி வைக்கிறார். படம் எடுத்து, அளந்து, வரைந்து முடித்த பின்னரே பொருள்களைக் கையால் எடுப்பது வழக்கம். ஒவ்வொரு பொருளும் தனித்தனியே பொதியப்படும். ஈரமான துணியை உலர்த்திக் கடதாசிப் பையிலே இடவேண்டும். பொலித்தீன் பையிலே கட்டி வைத்தால் ஈரம் வெளியேறாது, பூஞ்சணம் பிடித்துச் சான்று அழிந்துவிடும். பொதியின் மேல் இலக்கம், திகதி, எடுத்தவர் கையொப்பம் ஆகியன வேண்டும். ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாறும்போதெல்லாம் அதுவும் பதியப்படும். அந்தப் பதிவிலே ஓர் இடைவெளி இருந்தால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் தம் கட்சிக்காரரை அந்த இடைவெளி வழியாகவே வெளியே அழைத்துச் சென்றுவிடுவார்!

இவ்வளவு பக்குவம் எதற்காக? பிரான்சு தேசத்து லியோன் நகரிலே 1910ஆம் ஆண்டிற் பொலிஸ் ஆய்வுகூடம் ஒன்றை அமைத்த எட்மண்ட் லொக்காட் என்னும் அறிஞரின் கொள்கை இதற்கு விடை தரும். இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று தீண்டினால் ஒன்றின் அடையாளம் மற்றொன்றிலே தங்கும் என்பது அக்கொள்கையின் சாரம். வந்தவன் தன் மயிரையோ, நூலிழையையோ, சப்பாத்து மண்ணையோ விட்டுச் செல்கிறான்; அவ்விடத்துத் தூசியைத் தன்னோடு கொண்டும் செல்கிறான். ஆயின் வேடிக்கை பார்க்க வந்தவரும் இவ்வாறே தம் அடையாளத்தை விட்டுச் செல்வர் என்பதை நாம் மறக்கலாகாது.

விரலடையாளத்தின் வரலாறு இதனை நன்கு காட்டும். விரலடையாளங்களை வகைப்படுத்தித் தேடும் முறை நமது அயல்நாடாகிய இந்தியாவிலே வளர்ந்தது. அதனை வகுப்பதிலே எட்வேட் ஹென்றி என்னும் ஆங்கில அதிகாரிக்குக் கீழ் உழைத்தவர்கள் அசிசுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்னும் இரு வங்காளிகள். 1897ஆம் ஆண்டு கல்கத்தாவில் விரலடையாளப் பணியகம் நிறுவப்பட்டது. 1901இல் அம்முறை லண்டன் ஸ்கொட்லன்ட் யார்டுக்குச் சென்றது. 1905ஆம் ஆண்டு லண்டனைச் சேர்ந்த டெட்பட் என்னும் இடத்திலே ஒரு கடையை நடத்திய முதியவரும் மனைவியும் கொல்லப்பட்டனர். காசுப்பெட்டியின் உட்தட்டிலே ஒரு பெருவிரல் அடையாளம் இருந்தது. ஆனால் பெட்டியைத் தொட்ட பொலிஸ் அதிகாரி ஒருவரும் இருந்தாரே! ஆகவே அவர், கடைப் பணியாளர், இறந்தோர் ஆகிய எல்லோருடைய விரல்களையும் முதலில் ஒப்பிட்டு, அவர்களுடையதன்று என நிறுவினர். பின்னரே அது ஸ்ராற்றன் சகோதரர் இருவருள் ஒருவனுடையது என்பது தெளிவாயிற்று. ஒருவனைக் குற்றவாளி என்று காட்டுமுன் மற்றவர்களை விலக்கிக் காட்டவேண்டும் என்பது இதிலிருந்து நாம் அறியும் பாடம்.

பொருள்களைப் போலவே மனிதரையும் புலனாய்வாளர் நாடவேண்டும். வீடு வீடாகச் சென்று வினாவுவர். சாட்சிகளைத் தனித்தனியே விசாரிப்பர். கத்தோலிக்கரின் விவிலியத்திலே, தானியேல் ஆகமத்தில், சூசன்னாள் என்னும் பெண்மீது இரண்டு முதியோர் பழி சுமத்திய கதை வருகிறது. தானியேல் அவ்விருவரையும் பிரித்து வைத்து, எந்த மரத்தின் கீழே கண்டீர் என்று கேட்டார். இருவரும் இரு வேறு மரங்களைச் சொன்னார்கள், பொய் வெளிப்பட்டது. நமது பெரியபுராணத்திலும் இத்தகைய நுட்பம் உண்டு. சுந்தரமூர்த்தி நாயனாரை அடிமை என வழக்காடிய முதியவர் மூல ஓலையைக் காட்டியபோது, திருவெண்ணெய்நல்லூர்ச் சபையார் அதனை வாளா ஏற்றாரல்லர். நாயனாரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையை வருவித்து, இரண்டின் எழுத்தையும் ஒப்புநோக்கிய பின்னரே தீர்ப்புக் கூறினர். இன்று கையெழுத்து நிபுணர் செய்வதும் இதுவேயன்றோ? இக்காலத்திலே தொலைபேசிப் பதிவும் தெருவோரக் கமராப் படமும் சாட்சிகளாகச் சேர்ந்துள்ளன. அவற்றையும் இவ்வாறே ஒன்றோடொன்று ஒப்பிட்டுத்தான் கொள்ளவேண்டும்.

இனி நாபரோ வழக்குக்கு மீள்வோம். இரண்டாவது கொலையின் பின் பதினேழு வயது இளைஞன் ஒருவன் கைதானான். விசாரணையிலே அவன் இரண்டாவது கொலையைத் தானே செய்ததாக ஒப்புக்கொண்டான், முதலாவதை மறுத்தான். பொலிசாரோ இரண்டையும் செய்தவன் ஒருவனே என எண்ணினர். ஒப்புதல் கிடைத்துவிட்டது; ஊரார் சினமும் தணியக்கூடும்; வழக்கை இத்துடன் முடித்திருக்கலாம். ஆனால் இரண்டும் அவன் செயலே என்று நிறுவ விரும்பியதனால், அவர்கள் லெஸ்டர் பல்கலைக்கழகத்து அலெக் ஜெஃப்ரீஸ் என்னும் பேராசிரியரை நாடினர். ஒவ்வொரு மனிதனையும் அவனது மரபணுக் கூறுகளைக்கொண்டு இனங்காணும் முறையை 1984ஆம் ஆண்டு செப்டெம்பரிலே கண்டறிந்தவர் அவர்.

சோதனையின் முடிவு எல்லோரையும் திகைக்க வைத்தது. இரண்டு பெண்களையும் கெடுத்தவன் ஒருவனே. ஆனால் அவன் அந்த இளைஞன் அல்லன்! செய்யாத கொலையை அவன் ஒப்புக்கொண்டிருந்தான். 1986 நவம்பரிலே அவன் விடுதலையானான். கொலை வழக்கிலே இப்புதிய விஞ்ஞானம் முதன்முதலாகச் செய்த பணி ஒருவனைத் தண்டித்தது அன்று. குற்றமற்ற ஒருவனைக் காத்ததே என்பதை நாம் நெஞ்சிற் பதித்துக்கொள்ள வேண்டும்.

இவ்விடத்தில் ஒன்றைச் சிந்திப்போம். 1983ஆம் ஆண்டு முதலாவது பெண்ணின் உடலிலிருந்து தடயங்களை எடுத்தபோது, மரபணுவினால் ஒருவனை இனங்காணலாம் என்பது உலகில் எவருக்கும் தெரியாது. அப்போதைய குருதிச் சோதனைகள், ஆண்களுள் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குப் பொருந்தும் அடையாளத்தையே தந்தன. பயனில்லையென்று அன்று அத்தடயத்தை வீசியிருந்தால், மூன்று ஆண்டுகளின் பின் அந்த இளைஞனுக்காகப் பேச எதுவும் இருந்திராது. நாளை எவருக்கு எவ்வாறு உதவும் என்று அறியாமலே, இன்று கடமையைச் செவ்வனே செய்தார் யாரோ ஓர் அலுவலர். பயனை நோக்காது கடமையைச் செய் என்னும் கீதையின் போதனைக்கு இதனினும் சிறந்த உதாரணம் வேண்டுமோ?

பின்பு நடந்ததும் கேட்கத் தக்கது. 1987ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து அப்பகுதிக் கிராமங்களைச் சேர்ந்த ஏறக்குறைய 5,000 ஆண்களிடம் குருதியோ உமிழ்நீரோ பெற்றுச் சோதித்தனர். ஒருவரும் பொருந்தவில்லை. விஞ்ஞானம் வழியடைபட்டு நின்றது. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதம் ஒரு மதுச்சாலையிலே, வெதுப்பகத் தொழிலாளி ஒருவன், சக தொழிலாளி ஒருவனுக்காகத் தான் ஆள்மாறாட்டம் செய்து குருதி கொடுத்த கதையைச் சொன்னான். கேட்டிருந்தவர்களுள் ஒரு பெண்மணியின் உள்ளத்தை அது உறுத்தியது. சில வாரங்களின் பின் அவர் பொலிசாரிடம் சென்று கூறினார். கொலின் பிச்ஃபோக் என்பவன் செப்டெம்பரிற் கைதானான். அவனது மரபணு பொருந்தியது. 1988 சனவரியில் அவனுக்கு ஆயுட்கால மறியல் விதிக்கப்பட்டது. ஐயாயிரம் குருதிச் சோதனைகள் அவிழ்க்காத முடிச்சை மனச்சாட்சியுடைய ஒருவரின் ஒரு சொல் அவிழ்த்தது. ஆயினும் அந்தச் சொல் மட்டும் போதியதன்று. சொல் ஆளைக் காட்டியது; தடயம் குற்றத்தை நிறுவியது.

செய்யாத குற்றத்தை ஒருவன் ஏன் ஒப்புக்கொள்கிறான் என்று சிலர் கேட்கலாம். அச்சம், களைப்பு, இளமை, அறியாமை, ஒப்புக்கொண்டால் வீட்டுக்கு விடுவார்கள் என்னும் நப்பாசை எனக் காரணம் பல. அடியும் உதையும் சேர்ந்தால் ஒப்புக்கொள்ளாதவர் யார்? இதனைச் சட்டம் வகுத்தோர் நன்கறிவர். நமது நாட்டின் 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டம், 25ஆம் பிரிவிலே, பொலிஸ் அதிகாரியிடம் செய்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு விரோதமாக நிறுவலாகாது என்று விதிக்கிறது. ஒப்புதல் செல்லாது எனின் புலனாய்வாளர் தடயத்தைத் தேடியே ஆகவேண்டும். எதிரிக்கு அது காவல்; புலனாய்வாளருக்கு அது நல்லாசான். 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் இவ்விதிக்குப் புறம்பாக, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் செய்த ஒப்புதல் செல்லும் என்று இடமளித்தது. அதனால் எழுந்த கவலையையும் கண்டனத்தையும் இங்குள்ள பெரியோர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஒப்புதல் எளிதாகச் செல்லுமிடத்திலே தடயம் தேடும் முயற்சி தளரும் என்று மட்டும் கூறி அமைவோம்.

சகோதரர்களே, குற்றம் துலக்குதல் பொலிசாரின் வேலை, நமக்கென்ன என்று இருத்தல் தகாது. ஊரில் ஓர் அசம்பாவிதம் நிகழ்ந்தால் கூட்டமாக ஓடிச்சென்று அவ்விடத்தை மிதியாதிருப்போம். கிடப்பதை எடுத்துப் பார்க்காதிருப்போம். இரக்கத்தினாலும் இரத்தக் கறையைக் கழுவாதிருப்போம். உயிர் இருப்பின் காப்பதே முதற்கடமை. இல்லையெனின் காத்து நிற்பதே கடமை. ஐயத்துக்குரியவன் அகப்பட்டான் என்று மரத்திலே கட்டி அடிப்பது வீரமன்று. கண்டதைக் கண்டவாறு, காணாததைக் காணேன் என்று சொல்வதே வீரம். அந்தப் பெண்மணி வாய் திறவாதிருந்தால் மூன்றாவது பெண்பிள்ளைக்கு என்ன நேர்ந்திருக்குமோ, யார் அறிவார்!

இறுதியாக, நாம் யாவரும் அறிந்த ஒரு வழக்கை நினைவூட்ட விரும்புகிறோம். மதுரையிலே அரசியின் சிலம்பு களவுபோயிற்று. களவு செய்த பொற்கொல்லனே வந்து, கோவலன்மேற் பழி சுமத்தினான். பாண்டியன் அந்த ஒருவன் சொல்லை நம்பினான். கோவலனை அழைத்து ஒரு வினாவேனும் கேட்டானில்லை. சிலம்பைத் திறந்து பார்த்தானுமில்லை. கையிலே சிலம்பு இருப்பின் கொல்க என்றான். கண்ணகி செய்தது யாது? அழுது இரக்கவில்லை, தடயத்தைக் காட்டினாள். அரசியின் சிலம்பிலே முத்து. தன் சிலம்பிலே மாணிக்கம். உடைத்த சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறித்தது. அந்தச் சோதனையைச் செய்ய ஒரு நாழிகையும் வேண்டியதில்லை. கொலைக்கு முன் செய்திருந்தால் கோவலன் வாழ்ந்திருப்பான், மன்னனும் வாழ்ந்திருப்பான், மதுரையும் எரிந்திராது.

லெஸ்டரிலே அச்சோதனை முந்தி நடந்தது. மதுரையிலே பிந்தி நடந்தது. இரண்டுக்கும் இடையேயுள்ள வேறுபாடு ஓர் உயிர். அந்த வேறுபாட்டை நம் நாட்டிலே காப்பது அதிகாரிகளின் கடமை மட்டுமன்று, நம் எல்லோரின் கடமையுமாகும்.