முகத்திலே பூசும் நஞ்சு

(லிந்துலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றிப் பேசவேண்டிய மேடையிலே முகப்பூச்சைப் பற்றிப் பேசுகிறானே என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். அந்தச் சம்பளத்திலிருந்து போகிற காசுதான் இது, ஆகவே பேசுகிறேன்.

சென்ற மாதம் ஒரு தாய் என்னிடம் வந்தார். இரு கன்னங்களிலும் மங்கு. கடையிலே வாங்கிய வெளுப்புப் பூச்சைத் தடவியிருக்கிறார். முதல் மாதம் முகம் வெளுத்தது. நிறுத்தியதும் சிவந்து, எரிந்து, முன்னிலும் கறுத்துவிட்டது. “வழக்குப் போடலாமாங்க ஐயா?” என்று கேட்டார். டப்பாவைக் கேட்டேன், வீசிவிட்டாராம். அதுபோன்ற ஒன்றை நானே வாங்கிப் பார்த்தேன். செய்தவன் பெயர் இல்லை, ஊர் இல்லை, கலந்த பொருள் எதுவென்றும் இல்லை. அழகியொருத்தியின் படம் மட்டும் இருந்தது. யார்மீது வழக்குத் தொடுப்பது? படத்திலிருக்கும் அம்மையார்மீதா?

மங்கு எப்படி வருகிறது? வெயில், கர்ப்பகாலம், கருத்தடை மாத்திரை, பரம்பரை—இவைதாம் பெரும்பாலான காரணங்கள். மலை உயர உயர வெயிலின் கண்ணுக்குத் தெரியாத கதிர் வலுக்கும். மேகமும் அதை முழுவதும் தடுக்காது. காலை முதல் மாலைவரை கொழுந்து பறிப்பவளின் கன்னத்திலே அது படியாமல் வேறெங்கே படியும்? உழைப்பால் வந்த நிறத்துக்கு வெட்கப்படச் சொல்லி, அதே உழைப்பின் கூலியைப் பறிக்கிறது இவ்வாணிபம். பெண் பார்க்க வருவோரும் அதற்குத் துணை நிற்கின்றனர், தோழர்களே, நாமுந்தான்!

பூச்சு வெளுப்பது உண்மை. தோலிலே நிறத்தை ஆக்கும் நொதியைப் பாதரசம் தடுத்துவிடுகிறது. ஆனால் அது தோலோடு நில்லாது. இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும். கேரளத்தின் கோட்டக்கல்லில் 2021 சூலை முதல் 2023 செப்டம்பர்வரை ஒருவகைச் சிறுநீரக நோயால் வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். 15 பேருக்கு ஒரே அடையாளம் தென்பட்டது. அவர்களுள் 13 பேர் வெளுப்புப் பூச்சு பூசியவர்கள். வேறு சில பூச்சுகளில் ஸ்டீராய்டு மருந்து கலக்கின்றனர். அது தோலை மெலியச் செய்யும். நிறுத்தினால் முகம் நெருப்பாய் எரியும்.

சட்டம் தூங்கவில்லை. 2013-ல் கையெழுத்தான மினமாட்டா உடன்படிக்கையிலே இலங்கை 2017-ல் சேர்ந்தது. பாதரசம் சேர்த்த அழகுப் பொருள் எதையும் 2025-க்குப் பின் செய்யவோ, ஏற்றவோ, இறக்கவோ கூடாதென 2023-ல் அவ்வுடன்படிக்கை திருத்தப்பட்டது. ஆயினும் ஜெனீவாவில் எழுதியது லிந்துலைக் கடைக்குத் தானாக நடந்து வராது. 2003-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கச் சட்டப்படி, பொருளை வாங்கிய மூன்று மாதத்துக்குள் நுகர்வோர் அதிகார சபைக்கு எழுத்திலே முறையிடவேண்டும். அந்தத் தாய்க்கு அக்கெடு கடந்துவிட்டது.

மங்குக்கு வைத்தியம் உண்டு. அரசாங்க ஆஸ்பத்திரித் தோல் மருத்துவரிடம் போங்கள். அவர் தரும் பூச்சுக்கு அளவுண்டு, காலவரையுண்டு. கர்ப்பிணிகள் அதை முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும். வெயில் தடுக்கும் பூச்சும், நெற்றியையும் கன்னத்தையும் மறைக்கும் அகன்ற தொப்பியும் இல்லாமல் எந்த மருந்தும் நிலைக்காது. அந்தத் தொப்பியைத் தோட்ட நிர்வாகமே தரவேண்டுமென்று கேட்போம்.

வரும் ஞாயிறு காலை, வீட்டிலுள்ள டப்பாக்களையும் பற்றுச்சீட்டுகளையும் இங்கே கொண்டு வாருங்கள். பாதி தீர்ந்ததானாலும் சரி. முறைப்பாட்டை நான் எழுதித் தருகிறேன்.