ஓவன் பற்றாதபோது



கேக் மாவைக் கலந்து தட்டில் ஊற்றியாகிவிட்டது. ஓவன் குமிழைத் திருகினால் டக் டக்கென்று சத்தம் மட்டும் வருகிறது, நெருப்பு வரவில்லை. மாவு வீணாகிவிடுமே என்ற பதற்றத்தில் குமிழை மூடாமலே திரும்பத் திரும்ப முயல்கிறோம். அதைச் செய்யாதீர்கள் என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

மேலே இருக்கும் அடுப்பில் பற்றாத கேஸ் ஓரளவு கலைந்து போகும். ஓவனோ நான்கு புறமும் அடைத்த பெட்டி. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. பெட்டியின் அடியில் தேங்கிவிடும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே அது தீப்பிடிக்கும். அப்படித் தேங்கியபின் வரும் பொறி பர்னரோடு நிற்காது, உள்ளே இருப்பதையெல்லாம் ஒரேயடியாகப் பற்றவைக்கும். அப்போது குனிந்து பார்த்துக்கொண்டிருப்பவர் முகம் கதவுக்கு நேரே இருக்கும். அதனால் ஓவனைப் பற்றவைக்கும்போது கதவு எப்போதும் திறந்தே இருக்கட்டும். சில நொடிகளில் பற்றவில்லையென்றால் குமிழை மூடுங்கள். சன்னலைத் திறந்துவிட்டு ஐந்து நிமிடமாவது பொறுத்திருங்கள்.

அந்த நேரத்தில் உங்கள் மூக்கை நம்புங்கள். சமையல் கேஸுக்கு இயல்பில் வாடை கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்றே எத்தில் மெர்காப்டன் என்ற பொருளைக் கலக்கிறார்கள். குமிழை மூடிய பிறகும் அந்த நாற்றம் போகவில்லையென்றால் பழுது பார்க்கும் வேலையே வேண்டாம். ரெகுலேட்டரை மூடுங்கள். விளக்கு, மின்விசிறி எதன் சுவிட்சையும் தொடாதீர்கள். எல்லோரையும் அழைத்துக்கொண்டு வெளியே வந்து, அங்கிருந்து 1906 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். கேஸ் கசிவுக்கென்றே இரவு பகல் இயங்கும் எண் அது.

நாற்றம் அறவே இல்லையென்றால் காரணத்தைத் தேடலாம். முதலில் மேல் அடுப்பைப் பற்றவைத்துப் பாருங்கள். அதுவும் எரியவில்லையா? சிலிண்டர் தீர்ந்திருக்கலாம், டியூப் மடங்கியிருக்கலாம். நன்றாக எரிந்தால் கோளாறு ஓவனில்தான். மேல் அடுப்பை அணைத்துவிடுங்கள். பொறிக்குத் தனிப் பொத்தான் இருந்தால், கேஸைத் திறக்காமல் அதை மட்டும் அழுத்திப் பாருங்கள். பொறியே இல்லையென்றால் பேட்டரி தீர்ந்திருக்கும், அல்லது பிளக் கழன்றிருக்கும். பொறி வரும் கம்பியைச் சுற்றியுள்ள வெள்ளைப் பீங்கானில் எண்ணெய்ப் பிசுக்கோ ஈரமோ இருந்தால் உலர்ந்த துணியால் துடைத்தாலே போதும். பீங்கான் விரிசல் விட்டிருந்தால் அதை மாற்றத்தான் வேண்டும்.

நம் வீடுகளில் பலர் ஓவனைத் தொடுவதே கிறிஸ்துமஸ் சமயத்தில்தான். இடைப்பட்ட மாதங்களில் பர்னர் குழாய்க்குள் சிலந்தி கூடு கட்டியிருக்கும். பர்னர் ஓட்டைகளைப் பிரஷ்ஷால் சுத்தம் செய்யலாம். ஆனால் கேஸ் வரும் ஜெட்டின் நுண்துளையில் ஊசியை விட்டுக் குடையாதீர்கள். துளை பெரிதானால் கேஸ் அளவுக்கு மீறி வரும், தீ மஞ்சளாகிக் கரி படியும்.

இன்னொரு கோளாறு உண்டு. நெருப்பு பற்றும், குமிழிலிருந்து கையை எடுத்ததும் அணைந்துவிடும். பர்னர் அருகே தெர்மோகப்பிள் என்றொரு மெல்லிய கம்பி இருக்கிறது. தீயில் சூடாகும்போது அதில் மிகச் சிறிய மின்சாரம் பிறந்து, கேஸ் வால்வைத் திறந்தபடி பிடித்துக்கொள்கிறது. தீ அணைந்தால் கம்பி ஆறும், வால்வு தானே மூடிக்கொள்ளும். பற்றிய பிறகும் பத்துப் பதினைந்து விநாடி குமிழை அழுத்திப் பிடித்தால்தான் கம்பி சூடேறும். அப்படியும் நிற்கவில்லையென்றால் கம்பி நகர்ந்திருக்கும், அல்லது பழுதாகியிருக்கும். மெக்கானிக்கை வரவழைத்து மாற்றிவிடுங்கள். அதைக் கழற்றிவிட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் சம்மதிக்கவே சம்மதிக்காதீர்கள். உங்கள் உயிரைக் காப்பதற்காக அங்கே வைத்திருக்கும் கம்பி அது.

இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். சிலிண்டரிலிருந்து வரும் டியூபில் அச்சிட்டிருக்கும் தேதியைப் பாருங்கள். ஐந்தாண்டு கடந்திருந்தால் மாற்றிவிடுங்கள். 1906 என்ற எண்ணை வீட்டிலுள்ள எல்லோருடைய கைப்பேசியிலும் பதிந்துவையுங்கள்.