வந்தவர் இட்ட பெயரும் வாழ்ந்தவர் கொண்ட பெயரும்



ஈராயிரத்தைந்நூறு ஆண்டுகட்கு முன் நடு ஐரோப்பாவில் கெலுத்தியரும் செருமானியரும் அண்டை இனத்தாராக வாழ்ந்தனர். அவர்தம் மொழிகள் ஒரே இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தின் வெவ்வேறு கிளைகள். அந்நாளில் கொடுத்த கை கெலுத்தியருடையது. கொண்ட கை செருமானியருடையது.

இதற்குச் சொற்களே சான்று. அரசனைக் குறித்த மூலச் சொல்லின் நெடிய ஏகாரம் இலத்தீனில் ‘இரேக்சு’ என அவ்வாறே நின்றது, கெலுத்தியத்தில் ஈகாரமாயிற்று. செருமானியத்தில் அத்திரிபு இயல்பன்று. ஆயினும் செருமானியக் கிளையைச் சார்ந்த கோத்திய மொழியில் தலைவனுக்கு ‘இரீக்சு’ என்பதே சொல். ஆகவே அது கெலுத்தியர் வழங்கிய கடன் என்பது மொழிநூலார் முடிவு. இன்றைய செருமனில் பேரரசைக் குறிக்கும் ‘இரைக்’ அதன் வழிவந்ததே. அலுவலகத்தைக் குறிக்கும் ‘அம்ட்’, இரும்பைக் குறிக்கும் ‘ஐசன்’ ஆகியவற்றையும் கெலுத்தியக் கொடை என்றே அறிஞர் பலர் கொள்வர்.

காலம் மாறிற்று. வோல்க்கர் என்னும் கெலுத்தியக் குடியின் பெயரைச் செருமானியர் முதலில் கெலுத்தியர் அனைவர்க்கும், பின்னர் அயலவர்க்கும் பொதுப்பெயராக்கினர். கி.பி. 5-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலரும் சாக்சனரும் பிரித்தானியத் தீவிற் புகுந்து, அங்கு வாழ்ந்த கெலுத்தியரையே அப்பெயரால் அழைத்தனர். ‘வேல்சு’ என்பதன் பொருள் அயலார் என்பதே! பழைய ஆங்கிலத்தில் அச்சொல் அடிமையையும் குறித்தது. ஆட்சிக்குச் சொல் ஈந்த இனம், ஆட்சியிழந்தபின் தன் வீட்டிலேயே அயலான் ஆயிற்று.

ஆனால் அம்மக்கள் தம்மைக் ‘கும்ரி’ என்றே அழைத்துக்கொண்டனர். ஒரே நாட்டார் என்பது அதன் பொருள். அவர்தம் மொழியையும் அப்பெயராலேயே குறித்தல் தகும்.

1536-ஆம் ஆண்டுச் சட்டம் கும்ரி மொழியை வழக்குமன்றத்தினின்றும் அரசுப் பணியினின்றும் விலக்கியது. 1588-இல் வில்லியம் மார்கன் வெளியிட்ட விவிலிய மொழிபெயர்ப்பு அம்மொழிக்கு அரணாயிற்று. 19-ஆம் நூற்றாண்டிலோ, பள்ளியில் தாய்மொழி பேசிய சிறுவர் கழுத்தில் மரத்துண்டு தொங்கவிடப்பட்டது. மாலையில் அது யார் கழுத்தில் இருந்ததோ அவருக்கு அடி விழுந்தது. அதனைத் தொங்கவிட்ட ஆசிரியருட் பலர் கும்ரியரே; உடன்பட்ட பெற்றோரும் இருந்தனர். பகைவன் இட்ட விலங்கினும் தன்னவன் பூட்டிய விலங்கே கொடிதன்றோ?

1911-இல் நூற்றுக்கு 43 பேருக்கு மேல் பேசிய மொழி பின்னர்த் தேய்ந்தது. 1962-இல் சான்டர்சு இலூயிசு தம் வானொலி உரையில் அம்மொழியின் அழிவை முன்னுரைத்து எச்சரித்தார், இளைஞர் கிளர்ந்தெழுந்தனர். கும்ரி மொழித் தொலைக்காட்சி அமைப்பதாகத் தந்த வாக்கினை ஆங்கில அரசு கைவிட்டபோது, 1980-இல் குவின்வர் எவான்சு சாகும்வரை உண்ணாநோன்பு இருப்பதாக அறிவித்தார். நோன்பு தொடங்குமுன்பே அரசு பணிந்தது. 1982-இல் ஒளிபரப்புத் தொடங்கிற்று. 2011-ஆம் ஆண்டுச் சட்டம் அம்மொழிக்கு ஆட்சிமொழி நிலை தந்தது.

எனினும் 2021-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அதனைப் பேசுவோர் நூற்றுக்கு 18 பேருக்கும் குறைவே. சட்டம் வாயிலைத் திறக்கும். உள்ளே நுழைந்து பேச வேண்டியது மக்களின் நா. அயலான் என்று பிறர் இட்ட பெயர் நிலைப்பதும், ஒரே நாட்டார் என்று தாம் கொண்ட பெயர் வாழ்வதும் அந்நாவின் கடனே.