சூடு எங்கே தங்குகிறது?

(நம் கல்லூரி முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை)



"பத்து நிமிஷம் பேசுப்பா, ஆனா பிள்ளைகளுக்கு உபயோகமா இருக்கணும்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். வாழ்க்கையில் முன்னேறுவது எப்படி என்று பேச எனக்கு இன்னும் வயது போதாது. ஆகவே, தெரிந்த ஒரு சின்ன விஷயத்தை எடுத்துக்கொண்டேன். கம்ப்யூட்டருக்கு லிக்விட் கூலர் போட்டும் பிராசஸர் கொதிக்கிறது என்றால் என்ன செய்ய வேண்டும்? கேட்க அற்பமான கேள்விதான். ஆனால் இதற்குத் தவறான பதில் சொல்லி, நம்மூரில் எத்தனையோ பேரின் பணம் வீணாகிக்கொண்டிருக்கிறது.

முதலில், தண்ணீரால் குளிர்விப்பது புதுமோகம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 1980-ல் ஐ.பி.எம். அறிவித்த 3081 என்ற பெரிய கணினியில் ஒவ்வொரு சிப்பின் முதுகிலும் ஸ்பிரிங் வைத்த சிறிய உலோக உருளை ஒன்று அழுத்திக்கொண்டிருக்கும். அந்தச் சூட்டைத் தண்ணீர் ஓடும் தகடு வாங்கிக்கொள்ளும். நம் தமிழ்நாட்டிலேயே திருச்சி என்.ஐ.டி.யில் 2022 மே 25-ம் தேதி 'பரம் பொருள்' என்ற சூப்பர் கம்ப்யூட்டர் தொடங்கி வைக்கப்பட்டது. தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டத்தில் அமைந்த அதன் வேகம் 838 டெராஃப்ளாப்ஸ். அதிலும் சிப்போடு நேராகத் தொடும் திரவக் குளிர்ச்சி முறைதான். அறை முழுவதையும் ஏ.சி.யால் குளிர்விப்பதைவிட, சூடு பிறக்கும் இடத்திலேயே அதை அள்ளி வெளியே கொண்டுபோனால் மின்செலவு குறையும் என்பதே காரணம்.

ஏன் தண்ணீர்? ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க சுமார் 4,180 ஜூல் வேண்டும். ஒரு லிட்டர் காற்றுக்கு சுமார் 1.2 ஜூல் போதும். அதாவது, அதே இடத்தில் தண்ணீர் சுமக்கும் சூடு காற்றைப்போல் சுமார் 3,500 மடங்கு. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. தண்ணீர் சூட்டைச் சுமந்துதான் செல்கிறது, அழிப்பதில்லை. கடைசியில் அது அறைக் காற்றில்தான் இறக்கி வைக்கப்பட வேண்டும். ஆகவே சூட்டின் பயணம் இப்படி: பிராசஸரிலிருந்து தகட்டுக்கு, தகட்டிலிருந்து தண்ணீர் வழியே ரேடியேட்டருக்கு, ரேடியேட்டரிலிருந்து காற்றுக்கு. மூன்றே மூன்று கைமாற்றம். எங்கே அது தங்கிவிட்டது என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலை. பாகத்தை மாற்றுவது அதற்குப் பிறகுதான்.

இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். வெப்பநிலையைக் காட்டும் இலவச மென்பொருள் ஒன்று, ஒரு கடிகாரம், அறைச் சூட்டைப் பார்க்க ஒரு தெர்மாமீட்டர், நம் இரண்டு விரல்கள். இவ்வளவு போதும்.

முதல் கேள்வி: கோளாறு என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா? 2022-ல் வந்த ஏ.எம்.டி. ரைசன் 7000 வரிசை முழு வேலை கொடுத்தால் 95 டிகிரி வரை போகும்படியே வடிவமைக்கப்பட்டது. இன்டெல் ஐ7-13700கே பிராசஸருக்கு அடிப்படை மின் அளவு 125 வாட். உச்சத்தில் 253 வாட் வரை இழுக்கும். அதன் எல்லை 100 டிகிரி. பல மதர்போர்டுகள் அந்த உச்சத்தை வரம்பே இல்லாமல் திறந்துவிட்டு வருகின்றன. பயாஸில் மின் வரம்பைச் சரியாக வைத்தாலே பாதிப் புகார் தீர்ந்துவிடும்.

அடுத்து அறைச் சூடு. எந்த ரேடியேட்டரும் தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிடக் கீழே தண்ணீரைக் கொண்டுபோக முடியாது. சாரல் காலத்தில் 26 டிகிரி அறையில் 78 காட்டிய மெஷின், சித்திரை வெயிலில் 36 டிகிரி அறையில் 88 காட்டினால் அது கெட்டுப்போகவில்லை, ஊர்தான் சூடாகியிருக்கிறது. இரண்டு முறையும் வித்தியாசம் அதே 52 டிகிரி. ஆகவே பிராசஸர் சூட்டை மட்டும் எழுதாதீர்கள். பக்கத்திலேயே அறைச் சூட்டையும் எழுதுங்கள். வித்தியாசம் கூடினால்தான் கோளாறு.

கோளாறுதான் என்று தெரிந்துவிட்டதா? இப்போது கடிகாரத்தைப் பாருங்கள். கூலருக்குள் 200 மில்லி தண்ணீர் இருப்பதாகக் கொள்வோம். 150 வாட் சூடு அதில் இறங்கி, கொஞ்சம்கூட வெளியே போகாவிட்டாலும், ஒரு டிகிரி ஏற ஏறக்குறைய ஆறு விநாடி ஆகும். அதாவது தண்ணீர் நிதானமாகத்தான் சூடாகும். பிராசஸரோ நகத்தளவு சிலிக்கான். சூட்டை வாங்க ஆளில்லை என்றால் ஓரிரு விநாடியில் உச்சிக்குப் போய்விடும். ஆகவே, வேலை கொடுத்ததும் குபீரென்று 100-க்குத் தாவினால் சூடு தண்ணீருக்குச் சேரவில்லை, அல்லது தண்ணீர் நகரவில்லை. பத்துப் பதினைந்து நிமிடம் படிப்படியாக ஏறினால், தண்ணீர் தன் வேலையைச் செய்கிறது. ரேடியேட்டரால்தான் காற்றில் இறக்க முடியவில்லை.

அடுத்தது விரல். ஃபேனில் படாமல், இரண்டு குழாய்களையும் தொட்டுப் பாருங்கள்.

இரண்டு குழாயும் சூடு, ரேடியேட்டரும் சூடு என்றால் குறை காற்றுப் பக்கம். ஃபேன் ஓடவில்லை, அல்லது தலைகீழாக மாட்டியிருக்கிறது, அல்லது தகடுகளுக்கிடையே பஞ்சுபோல் தூசி அடைத்திருக்கிறது, அல்லது கேபினெட்டைச் சுவரோடு ஒட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு பிரஷும் பத்து நிமிடமும் போதும்.

திரை 100 டிகிரி காட்டும்போதும் பம்புத் தலை, குழாய்கள், ரேடியேட்டர் எதிலும் பெரிதாகச் சூடு இல்லை என்றால் குறை தொடுதலில். தகட்டின் அடியில் ஒட்டி வரும் பாதுகாப்புத் தாளை உரிக்காமலே மாட்டியவர்கள் இருக்கிறார்கள்; சிரிக்காதீர்கள், இது அடிக்கடி நடப்பது. தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். திருகுகளைக் குறுக்கு மறுக்காகச் சமமாக முடுக்காமல் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருக்கலாம். 2021-ல் வந்த எல்.ஜி.ஏ. 1700 சாக்கெட்டில் துளைகளின் இடைவெளி 78 மில்லிமீட்டர். அதற்கு முந்தைய எல்.ஜி.ஏ. 1200-ல் 75. பிராசஸரின் உயரமும் கொஞ்சம் குறைந்துவிட்டது. பழைய கூலரின் பழைய தாங்கிகளை எப்படியோ இழுத்து மாட்டினால், பார்க்க மாட்டியதுபோல் இருக்கும்; அழுத்தம் இருக்காது. நான் முதலில் சொன்ன ஐ.பி.எம். காரர்கள் ஒவ்வொரு சிப்புக்கும் ஒரு ஸ்பிரிங் ஏன் வைத்தார்கள் என்று இப்போது புரிகிறதல்லவா?

மூன்றாவது நிலை: பம்புத் தலை கொதிக்கிறது, அதிலிருந்து வரும் ஒரு குழாய் சூடு, மற்றொன்று குளிர்ச்சி, ரேடியேட்டரும் குளிர்ச்சி. தண்ணீர் ஓடவில்லை என்று அர்த்தம். இதை விளக்க நம்மூர் உதாரணமே போதும்.

அச்சன்புதூரில் பிறந்தவர்களுக்கு வயலும் பம்புசெட்டும் சொல்லித் தர வேண்டியதில்லை. மோட்டார் 'கொர்'ரென்று ஓடும், வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் வராது. "ஏர் பிடிச்சிருக்குடே" என்று பெரியவர்கள் ஒரு பார்வையிலேயே சொல்லிவிடுவார்கள். மோட்டாரைக் குறை சொல்ல மாட்டார்கள். குழாயில் தண்ணீர் ஊற்றிக் காற்றை வெளியேற்றுவார்கள். மோட்டார் சத்தம் கேட்பதால் தண்ணீர் வருவதாக ஆகாது. வாய்க்காலில் போய்ப் பார்க்க வேண்டும். லிக்விட் கூலரின் பம்பும் ஜாதியில் அதே பம்புதான்.

சென்ற ஆண்டு ஊருக்கு வந்திருந்தபோது ஸ்டூடியோ வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். கல்யாண வீடியோ எடிட் செய்ய, நகையை அடகு வைத்து வாங்கிய மெஷின். ஐ7-13700கே, இரண்டு ஃபேன் ரேடியேட்டர். மூன்று வருஷம் நன்றாக ஓடியது. இப்போது வீடியோவை ஏற்றுமதி செய்யச் சொன்னால் இரண்டு விநாடியில் 100 டிகிரி. மெஷின் தவழ ஆரம்பிக்கிறது. சில சமயம் தானாக நின்றுவிடுகிறது.

"தம்பி, பிராசஸரும் போர்டும் போச்சுன்னு கடையில சொல்லிட்டாங்க. அறுபதாயிரம் ஆகுமாம். நாலு கல்யாண வீட்டுக்காரங்க தினம் போன் பண்றாங்க. நகையத் திருப்புறதா, இதுக்குக் குடுக்கறதா?" என்றார்.

"அண்ணாச்சி, போர்டு போச்சுன்னு எதை வச்சுச் சொன்னாங்க?"

"தொறந்து பாத்தாங்க, சொன்னாங்க."

யாரும் எதையும் அளக்கவில்லை என்று புரிந்தது. அறை 31 டிகிரி. வேலை கொடுத்ததும் குபீரென்ற தாவல். ஆகவே தூசி அல்ல. தொட்டுப் பார்த்தேன்: பம்புத் தலை சுட்டது, ஒரு குழாய் சூடு, மற்றது பச்சைத் தண்ணீர்போல். ஆகவே பேஸ்டும் அல்ல. ஓட்டம்தான் நின்றிருக்கிறது. பயாஸில் பம்பின் சுற்று வேகம் சரியாகவே காட்டியது. காதை வைத்துக் கேட்டால் உள்ளே 'களக் களக்' என்று சத்தம்.

ரேடியேட்டரை கேபினெட்டின் முன்பக்கம் கீழே தள்ளிப் பொருத்தியிருந்தார்கள். அதன் மேல்விளிம்பைவிடப் பம்பு உயரத்தில் இருந்தது. இந்தக் கூலர்கள் மூடி முத்திரையிட்டவை என்றாலும், வருஷக்கணக்கில் ரப்பர் குழாயின் சுவர் வழியே ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். அந்த இடத்தில் காற்று சேரும். காற்று எப்போதும் உயரமான இடத்துக்கே போகும். இங்கே உயரமான இடம் பம்பு. புதிதில் காற்று குறைவு, பிழைத்தது. மூன்றாம் வருஷம் பம்பைக் காற்று பிடித்துக்கொண்டது.

மின்சாரத்தைத் துண்டித்து, ரேடியேட்டர் மேலே வரும்படி கேபினெட்டைச் சாய்த்துப் பத்து நிமிடம் வைத்தோம். அப்படியே வைத்து மறுபடி ஓட்டினோம். 79 டிகிரியில் நின்றது. பிறகு ரேடியேட்டரைக் கழற்றி கேபினெட்டின் மேற்கூரையில் மாட்டி, புது பேஸ்ட் வைத்து, அரைமணி நேரம் முழு வேலை கொடுத்துப் பார்த்தோம். 77-க்கு மேல் போகவில்லை. செலவு, ஒரு குப்பி பேஸ்ட். அன்றிரவே இரண்டு கல்யாணம் முடிந்தது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். "அண்ணாச்சி, போன தண்ணி திரும்ப வராது. ஒரு வருஷத்துக்குள்ள கூலரை மாத்திடுங்க. அதுவரைக்கும் மாசம் ஒரு தடவ இந்த நோட்டுல ரெண்டு சூட்டையும் எழுதுங்க." அவர் எழுதிக்கொண்டிருக்கிறார்.

பிராசஸர் ஒருபோதும் கெடாது என்று நான் சொல்ல வரவில்லை. இன்டெல்லின் 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்களில் தேவைக்கு மேல் மின்னழுத்தம் கேட்கும் குறை இருந்ததை அந்த நிறுவனமே 2024-ல் ஒப்புக்கொண்டது. அந்த ஆகஸ்டில் அதற்கு 0x129 என்ற மைக்ரோகோடு திருத்தத்தை வெளியிட்டு, உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டு நீட்டித்தது. அண்ணாச்சியின் பிராசஸரும் அந்தக் குடும்பம்தான் என்பதால் பயாஸையும் புதுப்பித்தோம். ஆனால் அந்தக் குறையின் அடையாளம், காரணமின்றிப் புரோகிராம்கள் முறிவது. உடனடியாக 100 டிகிரிக்குத் தாவுவது அல்ல. அடையாளம் வேறு, நோய் வேறு. வைத்தியன் கை நாடியில் இருக்க வேண்டும், மருந்துக் கடை ரசீதில் அல்ல.

மாணவச் செல்வங்களுக்கு மூன்று எச்சரிக்கைகள். மூடிய கூலரைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள். கசிந்தால் போர்டே போய்விடும். எதைக் கழற்றும் முன்னும் மின்சாரத்தைத் துண்டியுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்து, அளந்து, எழுதி வையுங்கள். நாலையும் ஒன்றாக மாற்றினால் சரியாகிவிடலாம். ஆனால் எதனால் சரியானது என்று கடைசிவரை தெரியாது.

வகுப்பில் வெப்பக் கடத்தல் பாடத்தை நாமெல்லாம் மார்க்குக்காகப் படித்தோம். அந்தப் பாடம்தான் ஒரு குடும்பத்தின் நகையைக் காப்பாற்றியது. நம் வட்டாரத்தில் இன்று ஸ்டூடியோ, ஜெராக்ஸ் கடை, டியூஷன் சென்டர், வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் பிள்ளைகள் என்று கம்ப்யூட்டர் இல்லாத தெரு இல்லை. மாதம் ஒரு சனிக்கிழமை நம் ஆய்வகத்தைத் திறந்து வைத்து, கெட்டுப்போனதாகச் சொல்லப்பட்ட மெஷின்களை மாணவர்களே அளந்து பார்த்துச் சொல்லும்படி ஒரு ஏற்பாட்டைச் சங்கம் செய்யலாம் என்பது என் பணிவான யோசனை. தெர்மாமீட்டர்களும் பேஸ்ட்டும் என் பொறுப்பு. பெரியவர்கள் முடிவு செய்ய வேண்டும்.